ஏரல் மாமாவின் சீர்

அன்புள்ள மகனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ உன் அம்மாவோடு போனில் பேசியபோது நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அதை அவளும் உன்னிடம் சொல்லவில்லை, நானும் இருமிக் காட்டிக்கொள்ளவில்லை. ஒட்டுக்கேட்பது எனக்குப் புதிதா என்ன, பக்கத்து வீட்டில் குக்கர் விசில் வந்தாலே என்ன குழம்பு என்று விசாரிக்கிற ஆள் நான். ஏரல் மாமா உனக்காகச் சம்மதித்த செய்தியை உன் அம்மா சொல்லி முடித்ததும் நீ கேட்டாய்: “யாரு போய்க் கேட்டா? அப்பாவா? அப்ப வேண்டாம்மா. அடுத்த கல்யாண வீட்டுல அது ஒரு கதையா வரும்.” கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாயங்காலம் மழை வரும்போலிருக்கு என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாய். என் கண்ணில் தண்ணீர் வந்தது. உன் அம்மா என்னைப் பார்த்தாள், வெங்காயத்தைப் பார்த்தாள், எதன் கணக்கில் எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டாள்.

இந்தக் கடிதத்துக்கு ஒரே ஒரு காரியம்தான் உண்டு. உன் தாய்மாமன் தருவதை என் முகத்துக்காக மறுத்துவிடாதே. இதை ஒரு வரியில் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் ஒரு வரியில் எதையும் சொல்லத் தெரிந்திருந்தால் நான் ஏன் பகலில் இன்சூரன்ஸ் ஆபீசில் பாலிசி பார்த்துவிட்டு, சாயங்காலம் கல்யாண வரவேற்பிலும் கோவில் கொடை விழாவிலும் மைக் பிடித்துச் சிரிக்க வைக்கப் போகிறேன்? கொஞ்சம் பொறுத்துக்கொண்டு வாசி.

முதலில் டப்பாவிலிருந்து ஆரம்பிக்கிறேன். சின்ன வயதில் உனக்குச் சளியும் காய்ச்சலும் முறை வைத்துக்கொண்டு வரும். டாக்டரிடம் போனால் டோக்கன் வாங்கிக் காத்திருக்க வேண்டும். எனக்கோ ஏதாவது ஒரு ஊரில் மைக் காத்திருக்கும். அதனால் வண்ணார்பேட்டைத் தெருமுனை மருந்துக்கடைக்குப் போய், “அண்ணாச்சி, பயலுக்கு மேலு சுடுது” என்பேன். “போன தடவ குடுத்ததே குடுக்கட்டுமா?” என்பார். “அதைவிடக் கொஞ்சம் ஸ்ட்ராங்கா குடுங்க” என்பேன், டீக்கடையில் நிற்கிற நினைப்பில். அது ஆன்டிபயாட்டிக். இரண்டு நாளில் சூடு இறங்கியதும் மாத்திரையை நிறுத்திவிட்டு, மிச்சத்தை சாமி படத்துக்குப் பின்னால் இருந்த பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பேன். அடுத்த காய்ச்சலுக்கு அண்ணாச்சியும் வேண்டாம், டப்பாவே வைத்தியர். உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, பிள்ளைக்குக் குணமாகிவிட்டது என்ற நிம்மதியில் போய் ஊரைச் சிரிக்க வைப்பேன். அந்த நிம்மதிக்காகத்தான் அவ்வளவு மாத்திரையும் கொடுத்தேன் என்று இப்போது தோன்றுகிறது. காய்ச்சல் உனக்கு, மருந்து எனக்கு.

நீ சென்னையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு பொங்கலுக்கு வந்தபோது சட்டை மட்டும் வந்த மாதிரி இருந்தாய். ரத்தமாகப் போகிறது என்று உன் அம்மாவிடம்தான் சொன்னாய். பாளையங்கோட்டை டாக்டரம்மா குழாய் விட்டுப் பார்த்து, பெருங்குடல் முழுக்கப் புண், இது அழற்சி நோய், அடக்கி வைக்கலாம், அடியோடு போய்விடும் என்று சொல்ல முடியாது என்றார். நாம் மூன்று பேரும் அவர் முன்னால் தேர்வு முடிவு கேட்கிற பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். அவர் பொறுமையாகச் சொன்னார்: “நம்ம குடலுக்குள்ள கோடி கோடியா நுண்ணுயிர் இருக்கு. ஒரு ஊர்னே வச்சுக்கிடுங்க. நமக்குச் செரிக்காத நாரையெல்லாம் அதுங்க பக்குவம் பண்ணும், குடல் சுவருக்குத் தீனி குடுக்கும், நம்ம உடம்போட காவல் படைக்கு யாரு வீட்டாளு, யாரு வெளியாளுன்னு பழக்கி விடும். இந்த நோய் உள்ளவங்களுக்கு அந்த ஊர்ல வகை வகையா இருந்த கூட்டம் குறைஞ்சு கெடக்கு. குறைஞ்சதால நோய் வந்துதா, நோய் வந்ததால குறைஞ்சுதான்னு இன்னும் தெளிவாகல. சர்க்கரை, மூட்டு வாதம், உடம்பு பருமன் இதுக்கெல்லாம்கூட சம்பந்தம் இருக்கலாம்னு தேடிக்கிட்டிருக்காங்க. இருக்கலாம்னுதான் சொல்லுதேன், நல்லாக் கேட்டுக்கிடுங்க.”

பிறகு, “சின்ன வயசுல ஆன்டிபயாட்டிக் நெறைய எடுத்திருக்காரா?” என்று கேட்டார். நான் மேலே சுற்றிய மின்விசிறியை ரொம்ப அக்கறையாகப் பார்த்தேன். உன் அம்மா, “டப்பா வச்சுக் குடுத்தோம் டாக்டர்” என்றாள். ‘குடுத்தாரு’ என்று சொல்லாமல் ‘குடுத்தோம்’ என்று சொன்னாளே, அந்தப் பெருந்தன்மைக்கு நான் இதுவரை நன்றி சொல்லவில்லை. டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அதனாலதான் வந்துதுன்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது சார். அப்படிச் சாப்பிட்ட பிள்ளைகள்ல கொஞ்சம் கூடுதலா வருதுன்னு பாத்திருக்காங்க. சாப்பிட்டும் வராத பிள்ளைகதான் அதிகம். நீங்க மனசப் போட்டு ஒழப்பாதீங்க” என்றார். எனக்கு ஜாமீன் கிடைத்தது. விடுதலை கிடைக்கவில்லை.

மனது குறுகுறுத்தால் சிலருக்குப் பேச்சு அடங்கிவிடும். எனக்கு மடை திறந்துவிடும். பால்காரரிடம் சொன்னேன், ஆபீசில் சொன்னேன், ஜங்ஷன் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த முன்பின் தெரியாத மனிதரிடம் சொன்னேன். அவர் பாவம், இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிவிட்டார். ஊரே வைத்தியம் சொன்னது. மாதுளைத் தோல் என்றார் ஒருவர், வெந்தயமும் மோரும் என்றார் இன்னொருவர். பத்தமடைப் பாயில் படுத்தால் வயிற்றுச் சூடு இறங்கும் என்று எங்கள் மேனேஜர் சொன்னதைக் கேட்டு நயம் பாயாகப் பார்த்து ஒன்று வாங்கியும் வந்தேன். நீ தொட மாட்டேன் என்றாய். இன்றைக்கும் அதில் நான்தான் படுக்கிறேன், தூக்கம்தான் வரவில்லை. நீ அப்போதே கேட்டாய்: “எப்பா, ஆஸ்பத்திரில நீங்க கேட்டது எனக்குச் சொன்னதுல்லா? அத எதுக்கு வே ஊருக்குச் சொல்லுதீரு?” கோபம் வந்தால்தான் உனக்கு என்மேல் ‘வே’ வரும். “நாலு பேருகிட்ட கேட்டாத்தானலே வழி தெரியும்” என்று நியாயம் பேசினேன். வழி கேட்கவா சொன்னேன்? ‘ஐயோ பாவம்’ என்று யாராவது என்னைப் பார்த்துச் சொல்ல மாட்டார்களா என்றுதான் சொன்னேன்.

இனி அந்தக் கல்யாண வரவேற்பில் நடந்ததற்கு வருகிறேன். உனக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை என்று தெரியும். ஆனாலும் நான் செய்ததை என் கையால் ஒருமுறை எழுதியாக வேண்டும். என் சிநேகிதன் மகள் கல்யாணம். குற்றாலம் பார்க்க வந்த உன் ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேரோடு நீ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாய். அன்றைக்குக் கூட்டம் மசியவில்லை. பந்தி எப்போது போடுவார்கள் என்றே எல்லார் கண்ணும் பார்த்துக்கொண்டிருந்தது. சிரிக்காத கூட்டத்தின் முன்னால் நிற்பது எனக்கு நடுத்தெருவில் வேட்டி அவிழ்ந்த மாதிரி. கைக்குக் கிடைத்ததை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொள்வேன். அன்றைக்குக் கிடைத்தது உன் வயிறு. “எல்லாப் பயலும் ரயில்ல ஜன்னலோர சீட்டு கேப்பான். என் மவன் கக்கூஸ் ஓர சீட்டு கேக்கான்!” என்றேன். மண்டபம் அதிர்ந்தது. “அவன் வயித்துக்குள்ள ஒரு ஊரே இருக்குன்னு டாக்டரம்மா சொல்லுதாங்க. ஊருன்னு இருந்தா பஸ் ஸ்டாண்டு இருக்கும்லா? நம்ம பயலுக்கு எந்நேரமும் பஸ் கெளம்பிட்டே இருக்கு!” பின் வரிசையில் ஒருவர் நாற்காலியோடு சாய்ந்தார். அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். “அந்தா உக்காந்திருக்கான் பாருங்க” என்று கையை நீட்டிக் காட்டினேன்.

நீ சிரித்தாய். அதுதான் என்னை ஏமாற்றியது. பையன் ரசிக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். உன் நண்பர்களிடம் வெறும் அல்சர் என்று சொல்லி வைத்திருந்தாய் என்பதும், இலையில் வைத்ததைத் தொடாமலே மூடி எழுந்தாய் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியும். யாரோ என் பேச்சைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினார்கள். நான் என்ன செய்தேன்? நம் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டு, ‘எப்படி நம்ம பேச்சு?’ என்று கேட்டேன். அந்தக் குழுவில் நீயும் இருந்தாய். கொஞ்ச நேரத்தில் நீ விலகிவிட்டாய் என்று ஒரு வரி வந்தது. அதன் கீழே உன் சித்தப்பா கைதட்டும் பொம்மை போட்டிருந்தார்.

அதற்குப் பிறகு நீ வீட்டுக்கு வரவில்லை. வயிறு மோசமாகிச் சென்னையில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோதுகூட “அம்மா மட்டும் வரட்டும்” என்று சொல்லிவிட்டாய். அவளை ஜங்ஷனில் ரயிலேற்றிவிட்டு, ரயில் போன பிறகும் பிளாட்பாரத்திலேயே நின்றேன். தெரிந்தவர் ஒருவர் வந்து, “என்ன அண்ணாச்சி, யாரு ஊருக்கு?” என்று கேட்டார். “ஒண்ணுமில்ல, சும்மா” என்றேன். உன் விஷயத்தில் நான் வாயை மூடிய முதல் சந்தர்ப்பம் அது. ரொம்பத் தாமதம்.

ஊசி மருந்தும் சரியாகப் பிடிக்கவில்லை, இப்படியே போனால் குடலை அறுத்து எடுக்க வேண்டி வரலாம் என்று அங்கே சொன்னார்கள். அதற்கு முன்னால் ஒன்று செய்து பார்க்கலாம். நோயில்லாத ஒருவரின் மலத்தைச் சோதித்து, பக்குவப்படுத்தி, அதிலுள்ள நுண்ணுயிர்களைக் குழாய் வழியாக உன் குடலில் கொண்டுபோய் விடுவது. இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது. சிலருக்குக் கேட்கிறது, சிலருக்குக் கேட்பதில்லை என்றும் சொன்னார்கள். சொந்தத்தில் யாராவது கொடுக்கலாம் என்று உன் அம்மா போனில் சொன்னதும் நான் துள்ளி எழுந்தேன். கடவுள் எனக்கென்றே வைத்திருந்த பிராயச்சித்தம் என்று நினைத்தேன். இந்த ஒரு விஷயத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. காலையில் நான் போவதைப் பார்த்து நீ கடிகாரம் திருத்தலாம். அடுத்த நாளே பாளையங்கோட்டை டாக்டரம்மா முன்னால் மார்பை நிமிர்த்தி உட்கார்ந்தேன்.

“சர்க்கரை இருக்கா சார்?”

“இருக்கு. ஆனா கட்டுப்பாட்டுல இருக்கு.”

“சமீபத்துல ஆன்டிபயாட்டிக் ஏதாவது?”

“போன மாசம் பல் வலிச்சுது. வீட்டுல ஒரு டப்பா...”

அவர் பேனாவை மூடி வைத்தார். “நீங்க குடுக்க முடியாது சார்” என்றார். ‘நீ அதற்குக்கூட லாயக்கில்லை’ என்று ஊரில் எத்தனையோ பேரைத் திட்டுவார்கள். அதை முறைப்படி விசாரித்து ஒரு டாக்டரே சொன்னது எனக்கு மட்டும்தான் இருக்கும். உன் அம்மாவுக்கு மூட்டு வாதம், அவளும் கூடாது. “வேற நெருங்குன ஆளு யாராவது இருக்காங்களா?” என்று கேட்டார். உன் சித்தப்பாவுக்கும் என்னைப் போலச் சர்க்கரை. மிச்சம் இருந்தது ஒரே ஆள். உன் அம்மாவின் தம்பி, ஏரல் மாமா.

அவன் ஏன் நம் வீட்டுப் படி ஏறுவதில்லை என்பதற்கு உனக்கு இதுவரை நான் சொன்ன காரணம் பொய். அவனுக்குத் தலைக்கனம் என்று சொல்லியிருக்கிறேன். நடந்தது இதுதான். அவன் புது வீட்டுப் பால்காய்ப்பு அன்று மைக் என் கையில் கொடுக்கப்பட்டது. “எம் மச்சினன் வாழைக்காய் வித்துக் கட்டுன வீடு இது. பழத்தத் தோலோட திங்கவன்லா, அதான் சீக்கிரம் கட்டிட்டான்!” என்றேன். அவன் மனைவி வீட்டார் எல்லாரும் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவன் எழுந்துபோய் ஒலிபெருக்கி வயரைப் பிடுங்கிவிட்டு வந்து, பேசாமல் பந்தி பரிமாறினான். அன்றோடு சரி. எனக்கு அது ஒரு நாள் சிரிப்பு. உன் அம்மாவுக்குத் தம்பி வீடு இல்லாமல் போனது.

கிளம்பினேன். அவன் ஏரலில் ஆற்றங்கரைத் தோட்டத்தில் வாழைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் திரும்பாமலே, “வாங்க அத்தான். மைக்க எங்க?” என்றான்.

“மாப்ள, பயலுக்கு முடியல.”

“அக்கா சொன்னா. பைய உக்காருங்க, அங்கன சகதி. நான் என்ன செய்யணும்? ரத்தம் வேணுமா?”

“ரத்தம் இல்ல.”

“கிட்னியா?”

“இல்ல மாப்ள. அதுக்கும் கீழ.”

அவன் முட்டுக்கம்பைக் கீழே வைத்தான். வருஷக்கணக்காக மேடையில் பேசியவன் நான். திக்கித் திணறி டாக்டரம்மா சொன்னதையெல்லாம் சொன்னேன். முடித்ததும் அவன் கேட்டான்: “அத்தான், இத்தன வருஷம் கழிச்சு வந்து எங்கிட்ட என்ன கேக்கியன்னு தெரிஞ்சுதான் கேக்கியளா?”

“தெரிஞ்சுதான் கேக்கேன்.”

“அவனுக்குக் காது குத்தும்போது என் மடியிலதான உக்கார வச்சிய? புதுப் பட்டு வேட்டி. ஆசாரி ஊசிய எடுத்ததும் பய மொத்தத்தையும் என் மடியிலயே எறக்கிட்டான். அன்னைக்கு அவன் குடுத்தத இன்னைக்கு நான் திருப்பிக் குடுக்கேன், அவ்வளவுதான. தாய்மாமன் சீருன்னு வச்சுக்கிடச் சொல்லுங்க.”

எனக்கு அடக்க முடியவில்லை. வாழையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நிமிர்ந்தபோது அவன் சிரிக்கவில்லை. “இத மேடையில சொல்லுவியளா?” என்றான்.

“சத்தியமா மாட்டேன்.”

“சொல்லுவிய. உங்களத் தெரியாதா எனக்கு? ஆனா சொல்லாதீங்க அத்தான். என்னச் சொன்னிய, நான் வயரப் பிடுங்குனேன், முடிஞ்சுது. அவன் எந்த வயரப் பிடுங்குவான்? ஆபீஸ்ல அந்தப் பயலுவ மூஞ்சிலதான தெனம் முழிக்கணும்?”

மன்னித்துக்கொள் என்றேன். “சரி சரி, வெயிலு ஏறுது, சாப்பிட்டுட்டுப் போங்க” என்றான். சாப்பாட்டில் வாழைக்காய்ப் பொரியல் வைத்து, “தோல் சீவியாச்சு அத்தான், தைரியமாத் திங்கலாம்” என்று ஒரு குத்தும் குத்தினான். குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டேன்.

அவனுக்கு எல்லாச் சோதனையும் எடுத்தாகிவிட்டது, எதிலும் கோளாறு இல்லை. கொடுக்கிற வரை வயிறு கெட்டுவிடக் கூடாது என்று இப்போது கடையில் ஒரு வடைகூடத் தின்பதில்லை, கல்யாண வீட்டுக்குப் போனால் மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் வந்துவிடுகிறான். ஊரில் ஏதோ கோவிலுக்கு நேர்ந்திருக்கிறான் என்று பேச்சு. அவன் ஒருவரிடமும் காரணம் சொல்லவில்லை. நானாக இருந்தால் இந்நேரம் போஸ்டர் ஒட்டியிருப்பேன். உனக்குக் கிடைக்கப்போவது வாயை மூடத் தெரிந்தவனின் குடல், மகனே. என்னுடையது கிடைத்திருந்தால் என்னென்ன ஒட்டியிருக்குமோ, அந்த வகையிலும் நீ தப்பித்தாய்.

ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உன் நோய் என் டப்பாவால் வந்ததா என்று யாருக்கும் தெரியாது. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அந்த ‘இருக்கலாம்’ என்ற சொல்லோடுதான் நான் மிச்சக் காலத்தைத் தள்ள வேண்டும். ஆனால் நிறைந்த மண்டபத்தில் உன்னைக் கையை நீட்டிக் காட்டியதில் ‘இருக்கலாம்’ கிடையாது. அதைச் செய்தவன் நான். அதற்கான தண்டனையை எனக்கே கொடு. என்னோடு பேசாமல் இரு, வீட்டுக்கு வராமல் இரு. மாமாவின் கையைத் தட்டிவிட்டு அந்தத் தண்டனையை உன் குடலுக்குக் கொடுக்காதே. நீ சரியென்றால் அவனும் அம்மாவும் மட்டும் வருவார்கள். நான் வர மாட்டேன். எப்படி ஆனது என்று அவர்களிடம் கேட்கவும் மாட்டேன். எனக்கு நீ பதில் போட வேண்டாம். ஏரலுக்கு ஒரு வார்த்தை சொல், அவன் உன் பதிலுக்காகத்தான் வாயைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறான்.

இதுவரை எழுதியவுடன் ஒரு அசிங்கம் நடந்தது, அதையும் மறைக்கவில்லை. என் நகைச்சுவைப் பக்கத்தை மாதாமாதம் போடுகிற பத்திரிகை ஆசிரியரின் நம்பரைக் கை தானாகத் தேடியது. மாமா சொன்ன அந்த ஒரு வரி போதும், பத்து வருஷம் மேடையில் பிழைத்துக்கொள்ளலாம். அவ்வளவு நல்ல சிரிப்பு என் வாழ்க்கையில் வந்ததில்லை, அதுவும் என்னுடையது இல்லை. போனைக் கொண்டுபோய் உன் அம்மா கையில் கொடுத்துவிட்டு, வந்து முதலில் உறையில் உன் விலாசத்தை எழுதினேன். நகல் எடுக்கவில்லை. இருப்பது இந்த ஒன்றுதான், அது உன்னிடம் வருகிறது. கிழித்துப் போட்டாலும் சரி. இதை நம் இருவரைத் தவிர வேறு யாராவது என்றைக்காவது வாசித்தால், வாசிக்கக் கொடுத்தது நீயாகத்தான் இருக்க முடியும்.

அப்பா